கொடி விழட்டும்னு கன்னுக்குட்டியைப் பட்டினி போடாதீங்க

1/
இது கொஞ்சம் நீளமான இழை. மாடு, ஆடு வெச்சிருக்கவங்களும், ஊர்ல அப்பா அம்மா வெச்சிருக்கவங்களும் பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். முன்கூட்டியே மன்னிப்பு.

2/
"மாடு கன்னு போட்டா, இளங்கொடி விழுற வரைக்கும் கன்னுக்குச் சீம்பால் காட்டக் கூடாது. காட்டினா கொடி உள்ளயே தங்கிடும்." முன்னோர் அறிவியல்ங்கிற தலைப்போட இது ஒரு வாட்ஸ்அப் குழுவுல வந்தது. கீழே வரிசையா கைகூப்புகள். ஒருத்தர்கூட "ஏன்?"னு கேக்கல.

3/
நான் மாட்டு டாக்டர் இல்ல, மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குற ஆள். "அப்புறம் உனக்கெதுக்கு இந்த வேலை?"ன்னு கேக்கலாம். ரெண்டு காரணம். "பொம்பளைக்கு எப்படியோ மாட்டுக்கும் அப்படித்தான்"ங்கிற நினைப்புதான் இந்த விஷயத்துல பாதித் தப்புக்கு மூலம். இன்னொண்ணு, அதே கொடியைத் தொட்டவங்க மாசக்கணக்கா காய்ச்சலோட எங்ககிட்டதான் வர்றாங்க.

4/
மருத்துவக் கல்லூரி முதல் வருஷத்துல ஹிஸ்டாலஜின்னு ஒரு பாடம். திசுவை மெல்லிசாச் சீவி, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். எல்லாம் ஊதாவும் ரோஸுமாத் தெரியும். "இது எதுக்குப் பிரயோஜனம்?"னு புலம்பாத மாணவன் கிடையாது. நானும் புலம்பினேன். இன்னிக்கு அந்த ஸ்லைடுகளை வெச்சுத்தான் வாதாடப் போறேன்.

5/
முதல்ல மனுஷ நஞ்சு. தாயோட கருப்பைச் சுவரைக் குழந்தை பக்கத்துச் செல்கள் அரிச்சுக்கிட்டு உள்ள போகும். தாயோட ரத்தக் குழாய்களையே திறந்து விட்டுடும். குழந்தையோட நஞ்சு விரல்கள் தாயோட ரத்தத்துலயே நேரடியா மூழ்கி நிக்கும். கிணத்துத் தண்ணிக்குள்ள வேர் இறங்கின மாதிரி.

6/
இப்போ பசு. அங்க இந்த அரிப்பு வேலை கிடையாது. பசுவோட கருப்பை உள்சுவர்ல சுமார் 70 முதல் 120 வரை குமிழ்கள் இருக்கு. பேரு கேரங்கிள். அந்த இடத்துல சுரப்பிகள் இருக்காது. குமிழ்களுக்கு நடுவுல இருக்கிற சுவர்லதான் சுரப்பிகள். ஸ்லைடைப் பார்த்தா இந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.

7/
கன்னோட சவ்வுல இருந்து ஒவ்வொரு குமிழுக்கும் நேரா ஒரு திட்டு வளரும். பேரு காட்டிலிடன். விழுந்த கொடியில பூப்பூவா சிவப்புத் திட்டுகளைப் பார்த்திருப்பீங்களே, அதுதான். அந்தத் திட்டுல இருந்து நுண்ணிய விரல்கள் குமிழோட பள்ளங்களுக்குள்ள நுழையும். கையுறைக்குள்ள விரல் போகுற மாதிரி. கோக்கும், ஆனா கிழிக்காது.

8/
விளைவு என்ன? பசுவோட ரத்தத்துக்கும் கன்னோட ரத்தத்துக்கும் நடுவுல அடுக்கடுக்கா சுவர். தாயோட ரத்தக் குழாய்ச் சுவர், தாயோட இணைப்புத் திசு, கருப்பையோட மேல்தோல், கன்னு பக்கத்து மேல்தோல், கன்னோட இணைப்புத் திசு, கன்னோட ரத்தக் குழாய்ச் சுவர். மொத்தம் ஆறு. மனுஷ நஞ்சுல தாய்ப் பக்கத்து மூணும் காணாமப் போயிடும்.

9/
இப்படி எத்தனை சுவர் மிச்சம் இருக்குன்னு எண்ணி, பாலூட்டிகளோட நஞ்சுகளை வகை பிரிச்சவர் ஓட்டோ குரோசர். வருஷம் 1909. அப்புறம் நிறையத் திருத்தம் வந்துடுச்சு. பசுவோட சில செல்கள் தாய்ப் பக்கத்து மேல்தோலோட இணையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால பசுவுக்குன்னு வகைப் பேரையே கொஞ்சம் மாத்திட்டாங்க. அடிப்படைக் கணக்கு இன்னும் அப்படியேதான்.

10/
"சரி டாக்டர், ஆறு சுவரோ மூணு சுவரோ, எனக்கென்ன?" இங்கதான் கன்னோட உயிர் இருக்கு. நோய் எதிர்ப்புப் புரதங்கள் மனுஷ நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். மாசம் நிறைஞ்சு பிறக்குற குழந்தைக்கு அம்மா ரத்தத்துல இருக்கிற அளவுக்கு, சில சமயம் அதுக்கும் மேல, அந்தப் புரதம் இருக்கும். நாம ஒரு சீதனத்தோடதான் பிறக்குறோம்.

11/
கன்னுக்கு அந்தச் சீதனம் கிடையாது. பசுவோட நஞ்சு எதிர்ப்புப் புரதத்தைக் கடத்தாது. கன்னு வெறுங்கையோட, சாணியும் ஈயும் கிருமியும் நிறைஞ்ச கொட்டாயில வந்து விழுது. எருமைக் கன்னு, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, குதிரைக்குட்டி எல்லாத்துக்கும் இதே கதி. நாய்க்கு நஞ்சு வழியாக் கொஞ்சூண்டு போகும், அவ்வளவுதான்.

12/
இதுக்கு இயற்கை ஒரு மாற்று ஏற்பாடு பண்ணிருக்கு. ஈனுறதுக்கு முந்தின சில வாரங்கள்ல பசு தன் ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் புரதத்தை அள்ளி மடியில சேக்கும். அதுதான் சீம்பால். கெட்டியா இருக்கிறது அதனாலதான். நமக்கு நஞ்சு செஞ்ச வேலையைக் கன்னுக்கு மடி செய்யுது.

13/
ஆனா ஒரு நிபந்தனை. அந்தப் புரதம் முழுசா, செரிக்காம, குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகணும். பிறந்த கன்னோட குடல் அதுக்காகவே கொஞ்ச நேரம் திறந்து இருக்கும். முதல் 4 முதல் 6 மணி நேரம்தான் உச்சம். அப்புறம் மணிக்கு மணி குறையும். 24 மணி நேரத்துல கதவு சாத்தியாச்சு. அதுக்கப்புறம் குடம் குடமா ஊத்தினாலும் ரத்தத்துக்குப் போகாது.

14/
இப்போ கணக்கைப் பாருங்க. கொடி விழுறதுக்குச் சாதாரணமாவே 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். கதவு நல்லாத் திறந்து இருக்கிறது முதல் 6 மணி நேரம். "கொடி விழட்டும், அப்புறம் பால் காட்டலாம்"னா என்ன அர்த்தம்? கதவு திறந்திருக்கும்போது வெளிய நிக்க வெச்சுட்டு, சாத்துற நேரத்துல உள்ள விடுறோம்னு அர்த்தம்.

15/
சீம்பாலும் சும்மா காத்திருக்காது. முதல் கறவையில இருக்கிற புரதம் அடுத்தடுத்த கறவைகள்ல வேகமாக் குறையும். அந்த முதல் கறவையைத்தான் நாம என்ன பண்றோம்? கருப்பட்டி, ஏலக்காய் போட்டு அவிச்சு, பக்கத்து வீட்டுக்குத் தூக்குல அனுப்புறோம். எனக்கும் அது பிடிக்கும், மறைக்கல. கன்னோட பங்கு போனதுக்கு அப்புறம் சாப்பிடுவோமே.

16/
"குடிச்சா கொடி தங்கிடும்"ங்கிறதுக்கு ஏதாவது அடிப்படை இருக்கா? நேர் எதிர். கன்னு மடியை முட்டி ஊட்டும்போது பசுவுக்கு ஆக்சிடோசின் சுரக்கும். பால் இறங்க வைக்கிறதும், கருப்பையைச் சுருங்க வைக்கிறதும் அதே ஹார்மோன்தான். பால் குடிக்கிறதால மட்டுமே கொடி விழுந்துடும்னு நான் சொல்லல. அதனால கொடி தங்கும்ங்கிறதுக்கு உடம்புக்குள்ள எந்த வழியும் இல்லன்னு சொல்றேன்.

17/
"எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான், கன்னு பொழைக்கலையா?" நியாயமான கேள்வி. இந்த நம்பிக்கை ஏன் நிலைச்சு நிக்குதுன்னு பாருங்க. பெரும்பாலான மாடு எப்படியும் சில மணி நேரத்துல கொடியைப் போட்டுடும். பால் காட்டாம வெச்சிருந்தீங்க, கொடி விழுந்துச்சு, "பாத்தியா!" அவ்வளவுதான். சேவல் கூவினதாலதான் விடிஞ்சுதுன்னு சொல்ற கணக்கு.

18/
தண்டனையோ உடனே வராது. பட்டினி போட்ட அன்னிக்குக் கன்னு சாகாது. பத்து நாள், பதினஞ்சு நாள் கழிச்சுக் கழியும். இல்ல மூச்சு இழுக்கும். தொப்புள் வீங்கும், முட்டி வீங்கும். அப்போ "பால் அதிகமாயிடுச்சு", "புழு", "கண்ணு பட்டுடுச்சு"ன்னு காரணம் சொல்வோம். முதல் ஆறு மணி நேரம் யாருக்கும் ஞாபகம் வராது. குற்றவாளி தப்பிச்சுடுவான்.

19/
தாத்தாவைக் குறை சொல்லல. அவர்கிட்ட மைக்ரோஸ்கோப் இல்ல. கொட்டாயில ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, மாடு கொடியைத் தின்னுடாம பார்த்துக்கிட்ட மனுஷன் அவர். அக்கறைக்குக் குறைச்சல் இல்ல. கையில ஸ்மார்ட்போன் வெச்சுக்கிட்டு, அவர் பேரைச் சொல்லி, சரிபார்க்காம ஃபார்வேர்டு பண்றவங்க மேலதான் என் கோபம்.

20/
ரெண்டாவது தப்புக்கு வரேன். கொடி விழலைன்னா இழுக்குறது. தொங்குற கொடியில கல்லைக் கட்டுறது, பழைய செருப்பைக் கட்டுறது. இல்லன்னா "கையை விட்டு எடுத்துடுங்க"ன்னு ஆள் தேடுறது. இங்கதான் "பொம்பளைக்கு மாதிரியே"ங்கிற நினைப்பு முழுசா வேலை செய்யுது.

21/
பிரசவத்துல நஞ்சு 30 நிமிஷத்துக்குள்ள வரலைன்னா நாங்க பதறுவோம். காரணம் முன்னாடி சொன்ன ஸ்லைடு. தாயோட ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கு. நிறைமாசத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுற இடம் அது. நஞ்சு வெளிய வந்து, கருப்பை இறுகினாத்தான் அந்தக் குழாய் அடையும். இல்லன்னா அந்தத் தாய் எங்க கண் முன்னாடியே போயிடுவா. அதனால மயக்கம் கொடுத்துக் கையாலயே எடுப்போம்.

22/
பசுவுக்கு அந்தக் குழாய் திறக்கவே இல்லையே! விரல் கையுறையை விட்டு நழுவுற மாதிரி, ரத்தம் சிந்தாம பிரியுற அமைப்பு அது. கொடி தங்கினதால பசு ரத்தம் கொட்டிச் சாகுறது மிக மிக அபூர்வம். நம்ம அவசரம் அங்க பொருந்தாது. அவசரப்பட்டு இழுத்தா விரலோட கையுறையும் கிழியும். ரத்தப்போக்கையும் புண்ணையும் நாமளே உண்டாக்குறோம்.

23/
கொடி ஏன் தங்குது? "மாட்டுக்கு முக்கத் தெம்பில்ல"ன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது இல்ல. கன்னு பக்கத்து மேல்தோல்ல ரெண்டு உட்கரு கொண்ட செல்கள் இருக்கு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஈனுற நேரம் நெருங்க நெருங்க அது குறையணும். குமிழோட மேல்தோல் தட்டையாகணும். ஒட்டுற பசை மாதிரி இருக்கிற கொலாஜன் கரையணும்.

24/
இதுக்கு வெள்ளை அணுக்கள் வந்து வேலை செய்யணும். குறைமாசத்துல ஈன்றா, இரட்டைக் கன்னுன்னா, கஷ்டப் பிரசவம்னா, கால்சியம், செலினியம், வைட்டமின் ஈ குறைஞ்சா, தொற்று இருந்தா இந்த வேலை நடக்காது. ஆக கொடி பழுக்கல. பழுக்காத காயைக் கிளையோட பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்? அதேதான்.

25/
இழுத்ததுல குமிழ்கள் கிழிஞ்சு, கையோட போன கிருமி அந்தப் புண்ணுல குடியேறும். கருப்பை அழற்சி, சீழ், அடுத்த சினை தள்ளிப்போறது. ரெண்டு மூணு ஊசி போட்டும் சினை நிக்காத மாட்டை என்ன பண்றோம்? சந்தைக்கு ஓட்டுறோம். ஒரு குடும்பத்தோட மாச வருமானம் அன்னிக்கு லாரி ஏறுது.

26/
விட்டா என்ன ஆகும்? கொடி அழுகி, பொதுவா ஒரு வாரம் பத்து நாள்ல தானா விழும். நாத்தம் அடிக்கும், உண்மை. ஆனா நாத்தம் வேற, நோய் வேற. காய்ச்சல் வந்தா, தீவனம் தின்னாம சோர்ந்து நின்னா, பால் திடீர்னு விழுந்தா அது நோய். அப்போ தேவை கால்நடை மருத்துவர் எழுதுற மருந்து. கல்லும் செருப்பும் இல்ல.

27/
இங்க ஒரு உண்மையைச் சொல்லணும். இன்னிக்கும் கையை விட்டு எடுக்குறவங்க மருத்துவர்கள்லயும் இருக்காங்க. பல பேருக்கு அது சரியில்லன்னு தெரியும். ஆனா எடுக்கலைன்னா "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல"ன்னு ஊரே பேசும், அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடும். நம்ம நெருக்கடிதான் அவங்க கையை உள்ள விட வைக்குது. "பொறுத்துப் பாக்கலாம்"னு சொல்ற டாக்டரை நம்புங்க.

28/
மூணாவது விஷயம். இது என் துறை. வெறுங்கையால கொடியைத் தொடுறது. புரூசெல்லான்னு ஒரு பாக்டீரியா. சினை மாட்டோட நஞ்சு அதுக்குச் சொர்க்கம். பசு நஞ்சுல எரித்ரிடால்னு ஒரு சர்க்கரைச் சாராயம் நிறைய இருக்கு. அதைத் தின்னு கோடிக்கணக்குல பெருகும். கடைசி மூணு மாசத்துல கன்னு வீசுறது, கொடி தங்குறது ரெண்டுக்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

29/
ஆக, தங்கின கொடியிலயும் வீசின கன்னுலயும்தான் இந்தக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். அதைத்தான் நாம வெறுங்கையால இழுக்குறோம். விரல்ல சின்னக் கீறல் போதும். கண்ணுல தெறிச்சாப் போதும். காய்ச்சாத பால் மூலமாவும் வரும்.

30/
அப்புறம் என்ன ஆகும்? சாயந்தரமானா காய்ச்சல், நனையுற அளவு வேர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. வரும், போகும், திரும்ப வரும். டைபாய்டுன்னு ஒரு கோர்ஸ், டிபியோன்னு ஒரு ஸ்கேன். மாசக்கணக்கா அலைவாங்க. "வீட்டுல மாடு இருக்கா? சமீபத்துல கன்னு வீசுச்சா?" இந்த ரெண்டு கேள்வியை எங்க ஆளுங்களே கேக்க மறந்துடுறோம். என் துறை மேலயும் எனக்குக் கோபம் உண்டு.

31/
கண்டுபிடிச்சா மருந்து இருக்கு. பொதுவா ரெண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம். நடுவுல நிறுத்தினா திரும்பி வரும். முதுகெலும்பு, விரை, இதய வால்வுன்னு போய் உக்காந்தா சிகிச்சை இன்னும் நீளம். ஒரு ஜோடி கையுறைக்கு ஆகுற செலவை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

32/
"படிச்சவங்க சொன்னா எல்லாம் சரியா?" இல்ல. 1887-ல மால்டாவுல டேவிட் புரூஸ் மனுஷக் காய்ச்சல்ல இந்த வகைக் கிருமியைக் கண்டார். 1897-ல டென்மார்க்ல பெர்ன்ஹார்ட் பேங் மாட்டுக் கருச்சிதைவுல இன்னொண்ணைக் கண்டார். ரெண்டும் நெருங்கின சொந்தம்னு 1918-ல சொன்னது ஆலிஸ் எவன்ஸ்ங்கிற அமெரிக்கப் பெண்மணி.

33/
பெரிய பெரிய விஞ்ஞானிகளே அவங்களை நம்பல. காய்ச்சாத பால் ஆபத்துன்னு அவங்க சொன்னதைப் பால் வியாபாரிகள் ரசிக்கல. 1922-ல அவங்களுக்கே அந்த நோய் தொத்திக்கிட்டது, பல வருஷம் படுத்துச்சு. கடைசியில அவங்க சொன்னதுதான் நின்னுச்சு. யார் சொன்னாங்கன்னு பாக்காதீங்க, ஆதாரம் என்னன்னு கேளுங்க. என்னையும் சேர்த்துத்தான்.

34/
கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுற வழக்கத்தைப் பத்திக் கேப்பீங்க. பால் மரத்துல கட்டினா பால் பெருகும்னு நம்பிக்கை. நாய் இழுத்துட்டுப் போகாம இருக்குங்கிற அளவுக்கு அதுல ஒரு நன்மை இருக்கலாம். ஆனா காக்கா கொத்தும், கீழ சொட்டும். மரத்தடியில பிள்ளைங்க விளையாடும். ஆழமாக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறதுதான் நல்லது.

35/
சரி, செய்ய வேண்டியது என்ன? சுருக்கமா:
கன்னு விழுந்ததும் மூக்கு, வாய் சளியைத் துடைங்க. தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின் வைங்க. அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால். கொடி விழுந்துச்சா இல்லையான்னு பாக்கவே வேண்டாம்.

36/
அளவு: கன்னோட எடையில பத்துல ஒரு பங்கு. 25 கிலோ கன்னுன்னா இரண்டரை லிட்டர். முதல் சில மணி நேரத்துக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு, மீதி 12 மணி நேரத்துக்குள்ள. எழுந்து ஊட்டத் தெம்பில்லைன்னா கறந்து பாட்டில்ல கொடுங்க. காளைக் கன்னுன்னு ஓரவஞ்சனை பண்ணாதீங்க.

37/
கொடி 12 மணி நேரம் ஆகியும் விழலைன்னா மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்க. இழுக்காதீங்க, எதையும் கட்டாதீங்க. காய்ச்சல், சோர்வு இருந்தா நேரம் பாக்காம கூப்பிடுங்க. தமிழ்நாட்டுல 1962-க்கு அடிச்சா கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

38/
கொடியையோ வீசின கன்னையோ தொடணும்னா கையுறை போடுங்க. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்துல வேண்டாம். கன்னு வீசினா "விதி"ன்னு விட்டுடாம மருத்துவர்கிட்ட சொல்லி ரத்தம் சோதிக்கச் சொல்லுங்க. பாலைக் காய்ச்சித்தான் குடிக்கணும்.

39/
4 முதல் 8 மாச வயசுல கிடேரிக் கன்னுக்குப் புரூசெல்லா தடுப்பூசி, வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை. 2019-ல ஆரம்பிச்ச தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துல இது இலவசம். முகாம் வரும்போது "கன்னு இளைச்சுடும்"னு ஒளிச்சு வைக்காதீங்க.

40/
கடைசியா ஒண்ணு. நம்ம குழந்தை அம்மாகிட்ட இருந்து எதிர்ப்புப் புரதத்தை வாங்கிக்கிட்டுத்தான் பிறக்குது. அப்படியும் "ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், சர்க்கரைத் தண்ணியும் கழுதைப்பாலும் வேண்டாம்"னு வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் வாரம் தொண்டை கிழியக் கத்துறோம். அது சரிதான். எதுவுமே இல்லாம பிறக்குற கன்னை மட்டும் எட்டு மணி நேரம் கட்டி வெச்சு, அம்மா மடியைப் பார்த்துக் கத்த விடுறோம்.

41/
ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கொட்டாயில ஒரு கன்னு விழுந்தா, இந்த இழையில எல்லாம் மறந்து போனாலும் ஒண்ணை மட்டும் ஞாபகம் வைங்க. கொடி காத்திருக்கும், கன்னு காத்திருக்க முடியாது. அவுத்து விடுங்க.

42/
கால்நடை மருத்துவ நண்பர்கள் திருத்தம் இருந்தா கீழே சொல்லுங்க, சேர்த்துடுறேன். மத்தவங்க, அந்தப் பழைய ஃபார்வேர்டு வந்த குழுவுல இதையும் போட்டு விடுங்க. கைகூப்பு வேண்டாம். "ஏன்?"னு கேட்டாப் போதும்.